நடந்துகொண்டே வாசிக்கும் டிரம் கலையைத் தொழிலாக அமைத்துக்கொள்வது எப்படி

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பள்ளி பேண்டு குழுவில் சைடு டிரம் (உடலில் மாட்டிக்கொண்டு இரு குச்சிகளால் வாசிக்கும் டிரம்) வாசித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் குச்சியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அவர்களுள் சிலருக்காவது கை நன்றாக ஓடுகிறது, தாளம் நிற்கிறது, வாசிப்பதில் உண்மையான ஆசையும் இருக்கிறது. ஆனால் இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை சொல்ல ஆள் இல்லாததால் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது. பிழைக்க முடியும் என்பதே என் விடை. ஆனால் வாசிப்பதையும் கற்றுக்கொடுப்பதையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துப் பழகியவருக்குத்தான் அது கைகூடும்.

இதற்கான காரணம் நம் ஊர் நாட்காட்டியிலேயே இருக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் திருமணங்கள் இல்லை. ஊர்வலத்துக்கும் வரவேற்புக்கும் பேண்டு செட்டை அழைப்பவர்கள் குறைவு. ஆனால் அதே ஆடி மாதத்தில்தான் பள்ளிகள் சுதந்திர தின அணிவகுப்புக்குப் பயிற்சி எடுக்கின்றன. மார்கழியில் விளையாட்டு விழாவுக்கும் குடியரசு தினத்துக்கும் தயாராகின்றன. சித்திரை, வைகாசியில் பள்ளிகள் மூடியிருக்கும்போது முகூர்த்தங்களும் மாரியம்மன் திருவிழாக்களும் நெருக்கமாக வருகின்றன. ஒன்று ஓய்கிற காலத்தில் மற்றொன்று கைகொடுக்கிறது. இரண்டையும் பற்றிக்கொண்டவர் ஆண்டு முழுவதும் வேலையில் இருக்கிறார்; ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டவர் நான்கைந்து மாதம் கடன் வாங்குகிறார்.

கையைப் பழக்கும் முன் காலைப் பழக்குங்கள்

உட்கார்ந்து வாசிப்பவர் பாடகருக்கோ குழுவுக்கோ தாளம் கொடுக்கிறார். நடந்து வாசிப்பவரோ தம் பின்னால் வரும் ஐம்பது, நூறு பேரின் கால்களுக்குத் தாளம் கொடுக்கிறார். அந்தக் கால்கள் பிசகினால், கையில் எத்தனை வித்தை இருந்தாலும் வாசிப்பு தவறியதாகவே பொருள். இந்தத் தொழிலின் இரு பாதிகளும், அதாவது மேடையில்லாத இந்த நிகழ்த்துதலும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தலும், இந்த ஒன்றின்மேல்தான் நிற்கின்றன. ஆகவே முதல் மாதம் டிரம்மைத் தோளில் மாட்டவே வேண்டாம்.

தேசிய மாணவர் படையிலும் இராணுவத்திலும் விரைவு நடைக்கு நிமிடத்துக்கு 120 அடிகள் என்பதே அளவு. ஓர் அடியின் நீளம் 30 அங்குலம். அதாவது ஒவ்வோர் அடிக்கும் சரியாக அரை விநாடி. கைப்பேசியில் சீரான வேகத்தில் தட்டொலி கொடுக்கும் மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கி 120-இல் வைத்து, நின்ற இடத்திலேயே இடது காலை முதல் தட்டில் ஊன்றி, பத்து நிமிடம் காலை மாற்றி மாற்றி எடுத்து வையுங்கள். அது பிசகாமல் வந்த பிறகு மைதானத்துக்குப் போங்கள். 400 மீட்டர் ஓடுதளத்தை இந்த வேகத்திலும் இந்த அடியிலும் ஒரு சுற்று நடக்க ஏறத்தாழ 4 நிமிடம் 22 விநாடி ஆகும். தாளம் தவறாமல் நடந்தும் அதற்கு முன்பே முடித்துவிட்டால் உங்கள் அடி நீளம் என்று பொருள், பிந்தினால் குட்டை. டிரம்மைச் சுமக்கும்போது எல்லோருக்குமே அடி குறுகும் என்பதால், வெறுங்கையோடு நடக்கும்போதே அளவை உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்ததாக, நடந்துகொண்டே வாயால் சொல்லுங்கள். ஓர் அடிக்கு ஒரு சொல் 'தா', ஓர் அடிக்கு இரண்டு 'தக', மூன்று 'தகிட', நான்கு 'தகதிமி'. தவிலும் மிருதங்கமும் கற்போர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் இந்தச் சொற்கட்டு, சைடு டிரம்முக்கு எந்தக் குறையும் இல்லாமல் பொருந்துகிறது. 'தகதிமி'யிலிருந்து 'தகிட'வுக்கும் மறுபடியும் 'தகதிமி'க்கும் மாறும்போது கால் வேகம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறும், ஆரம்பத்தில் எல்லோருக்கும் மாறுகிறது. 'தகிட' சொல்லும்போது கால் தயங்கும், 'தகதிமி' சொல்லும்போது கால் முந்தும். இந்தத் தயக்கமும் முந்தலும் முற்றிலும் நிற்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் இந்தக் குறை கையோடு சேர்ந்துவிட்டால் பிறகு கழற்றுவது மிகவும் கடினம். 120 அடியில் ஓர் அடிக்கு நான்கு தட்டு என்றால் விநாடிக்கு எட்டுத் தட்டு. கை அந்த வேகத்துக்கு வருவதற்கு மாதங்கள் ஆகும், வாயும் காலும் சில வாரங்களில் வந்துவிடும்.

பிறகு பயிற்சிப் பலகை. பழைய மிதியடி ரப்பரைப் பலகையில் ஒட்டினாலே போதும். டிரம் அடிப்படைப் பாடங்களுக்குப் பரவலாகப் பயன்படும் பட்டியல் ஒன்று உண்டு: அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய டிரம் கலைஞர் சங்கம் 26 பாடங்களை வகுத்தது, 1984-இல் அவை 40 ஆக விரிக்கப்பட்டன. நாற்பதையும் ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று யாரும் பரபரக்க வேண்டாம். ஒற்றைத் தட்டு உருட்டல், இரட்டைத் தட்டு உருட்டல், பாராடிடில், ஃபிளாம் (முதன்மைத் தட்டுக்கு முன் ஒரு சிறு தட்டு), டிராக் (முதன்மைத் தட்டுக்கு முன் இரண்டு சிறு தட்டு), ஐந்து தட்டு உருட்டல், ஒன்பது தட்டு உருட்டல் ஆகிய ஏழையும் நடந்துகொண்டே சுத்தமாக வாசிப்பவரை எந்தப் பள்ளியும் எந்தக் குழுவும் ஏற்றுக்கொள்ளும்.

பாராடிடிலை எடுத்துக்கொள்வோம். கை வரிசை: வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம். இடது கால் ஊன்றும்போது வலது கை முதல் தட்டைக் கொடுக்கிறது. அடுத்த அடியில் வலது கால் ஊன்றும்போது இடது கை கொடுக்கிறது. சாதாரணமாக நடக்கும்போதும் இடது கால் முன்னே போகையில் வலது கைதான் வீசுகிறது என்பதால் உடம்பு இதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு நான்கிலும் முதல் தட்டை மட்டும் சற்று உயரத்திலிருந்து அடித்து, மற்ற மூன்றையும் தோலிலிருந்து இரண்டு அங்குல உயரத்திலேயே வைத்துக்கொண்டால், அந்த முதல் தட்டு ஒவ்வோர் அடியோடும் விழுந்து கேட்போரின் கால்களைத் தானாக எழுப்பும். ஃபிளாம் வாசிக்கும்போதும் இதே கவனம் வேண்டும்: முன்னால் வரும் சிறு தட்டுக்குக் குச்சி தோலுக்கு அருகிலும், முதன்மைத் தட்டுக்குக் குச்சி உயரத்திலும் இருக்க வேண்டும். இரண்டு குச்சிகளையும் ஒரே உயரத்திலிருந்து இறக்கினால் இரண்டும் ஒன்றாக விழுந்து தட்டையாகிவிடும். நம் பகுதிப் பள்ளி பேண்டுகளில் நான் அதிகம் கேட்கும் குறை இதுதான்.

குச்சி பிடிப்பதைப் பற்றி ஒரு கருத்து. இடது கையில் குச்சியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உள்ளங்கையை மேல்நோக்கிப் பிடிக்கும் பழைய பிடி, டிரம் பட்டையில் தொங்கி இடது தொடைப் பக்கம் சாய்ந்து கிடந்த காலத்தில் தோன்றியது. சாய்ந்த டிரம்மில் இரு கைகளையும் ஒரே மாதிரி பிடித்தால் இடது முழங்கை தூக்கிக்கொண்டு நிற்கும், ஒரு மணி நேரத்தில் தோள் வலிக்கும். இரு தோள்களிலும் அமரும் தாங்கியில் டிரம் மட்டமாக நின்றால் ஒரே மாதிரிப் பிடிதான் எளிது. ஆகவே உங்கள் குழுவில் டிரம் எப்படித் தொங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பிடியை முடிவு செய்யுங்கள். கற்றுக்கொடுக்கப் போகிறவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

ஒலி பிந்தி வருவதைக் கணக்கில் கொள்ளுங்கள்

ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. அணிவகுப்பின் முன்னால் நீங்கள் அடிக்கும் தட்டு 50 மீட்டர் பின்னால் இருக்கும் கடைசி வரிசைக்கு விநாடியில் ஏழில் ஒரு பங்கு பிந்தித்தான் போய்ச் சேரும். ஓர் அடிக்கே அரை விநாடிதான் என்னும்போது, இது ஓர் அடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பிசகு. கடைசி வரிசைப் பிள்ளைகள் காதால் கேட்டு நடந்தால் அவர்கள் சரியாக நடந்தும் தவறாகவே தெரிவார்கள். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பிள்ளைகளைக் குறை சொல்வார்கள். பிழையோ அவர்களுடையதே அல்ல. இதற்குத் தீர்வுகள் உண்டு. பேண்டு ஓரிடத்தில் நின்று வாசிக்கும் அணிவகுப்பு என்றால் அதை மைதானத்தின் ஒரு மூலையில் நிறுத்தாமல் நடுப்பகுதிக்கு எதிரே நிறுத்தச் சொல்லுங்கள். நடக்கும் அணிவகுப்பு என்றால், பின்வரிசைகள் காதை நம்பாமல் தமக்கு முன் வரிசையின் இடது காலைப் பார்த்து நடக்கப் பழக்குங்கள்.

எதிரொலியும் இதே தொல்லையைத் தரும். பள்ளிக் கட்டடச் சுவர் 40 மீட்டர் தொலைவில் இருந்தால் உங்கள் தட்டு அங்கே மோதித் திரும்பிவரக் கிட்டத்தட்ட கால் விநாடி, அதாவது பாதி அடி, ஆகும். ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கும் இந்த ஓசையில் பேஸ் டிரம் என்னும் பெரிய டிரம்மை வாசிக்கும் பிள்ளை குழம்பிப்போய்விடும். எனவே விழா நடக்கும் மைதானத்தில் குறைந்தது ஒருமுறையாவது ஒத்திகை பார்த்தே தீர வேண்டும் என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

டிரம்மை அறிந்து வாங்குதல்

நம் பள்ளிகளில் உள்ள பேண்டு கருவிகளில் பல உத்தரப் பிரதேசத்து மீரட் நகரில் செய்யப்பட்டவை. அங்கே ஜலி கோட்டி என்ற பகுதி இந்தத் தொழிலுக்காகவே பெயர் பெற்றது. 14 அங்குல விட்டமும் 12 அங்குல ஆழமும் உள்ள சைடு டிரம் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இடுப்பில் இடிக்கும் என்பதால் ஆழம் குறைந்ததைத் தேடுங்கள். வாங்கும்போது விளிம்பு வளையம் முழு வட்டமாக இருக்கிறதா, இழுக்கும் திருகாணிகள் எல்லாம் தடையின்றித் திரும்புகின்றனவா, கீழ்த்தோலின் குறுக்கே ஓடும் கம்பிச் சரம் கோணாமல் ஒட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். வண்ணமும் பளபளப்பும் விலையைத்தான் கூட்டும்.

தோலை இழுக்கும் முறையை ஒவ்வொரு டிரம் கலைஞரும் தம் கையாலேயே செய்ய வேண்டும். ஒரு திருகாணியை இறுக்கியதும் அதற்கு நேர் எதிரே உள்ளதை இறுக்குங்கள். அடுத்தடுத்து வட்டமாகப் போனால் வளையம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் திருகாணிச் சாவியைக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். பிறகு விரலைத் தோலின் நடுவில் மெல்ல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகாணிக்கும் அருகில், விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, குச்சி நுனியால் தட்டிக் கேளுங்கள். எந்த இடத்தில் ஓசை தாழ்ந்து வருகிறதோ அங்கே கொஞ்சம் இறுக்குங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வந்துவிட்டால் டிரம் உங்களுக்கு வேலை செய்யத் தொடங்கும். அதுவரை நீங்கள்தான் டிரம்முக்காக வேலை செய்கிறீர்கள்.

1950-களில் பிளாஸ்டிக் தோல்கள் வந்த பிறகு ஈரத்தால் சுருதி இறங்கும் கவலை பெரும்பாலும் நீங்கிவிட்டது. பம்பையும் பறையும் வாசிக்கும் நம் கலைஞர்களுக்கு அந்தக் கவலை இன்னும் உண்டு, பறையைத் தீயில் காய்ச்சித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் சித்திரை வெயிலில் வேன் கூரைமேல் கட்டி எடுத்துப்போன பிளாஸ்டிக் தோலும் நெளிந்துவிடும். துணி உறை போட்டு உள்ளே வையுங்கள்.

நம் மண்ணின் நடைவாத்தியக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை

பேண்டு டிரம் மேற்கிலிருந்து வந்தது. நடந்துகொண்டே வாசிக்கும் கலையோ இங்கே பழையது. மாசி மாதத்தில் காவேரிப்பட்டணத்தில் நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவில் பம்பைக்காரர்கள் எவ்வளவு நேரம் நிற்காமல் வாசிக்கிறார்கள் என்பதை ஒருமுறை கூடவே நடந்து பாருங்கள். தோள் தளர்ந்திருக்கிறது, மணிக்கட்டு மட்டும் வேலை செய்கிறது, கருவியின் எடை இடுப்பில் இறங்கியிருக்கிறது. இதை எந்தக் காணொளியும் உங்களுக்குச் சொல்லித் தராது. சாமி தெருமுனையில் திரும்பும்போது கூட்டம் நெருங்குகிறது, நடை மெதுவாகிறது. வாசிப்பு அதைப் பார்த்து இறங்கிவந்து, தெரு அகன்றதும் மறுபடி ஏறுகிறது. அணிவகுப்பில் 120-ஐ விடாமல் பிடிப்பது ஒரு திறமை; ஊர்வலத்தில் கூட்டத்தின் காலைப் பார்த்து வேகத்தை மாற்றுவது இன்னொரு திறமை. திருமண ஊர்வலத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் அழைக்கப்படுபவருக்கு இரண்டாவதும் கட்டாயம் வேண்டும். அந்தக் கலைஞர்களை அணுகும்போது மரியாதையாக, மாணவராகப் போய், நேரத்துக்கு உரிய தட்சிணை கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

முறையாகத் தாளம் கற்க விரும்புவோருக்குக் கிருஷ்ணகிரியில் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே தவிலும் மிருதங்கமும் மூன்றாண்டுப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. தவில் கற்றவர் பேண்டு டிரம்முக்கு வந்தால் கணக்கில் யாரும் அவரை அசைக்க முடியாது. இதோடு மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் டிரம் கிட் தேர்வுகள் தொடக்க நிலையிலிருந்து எட்டாம் நிலை வரை உள்ளன. ஓசூர்ப் பிள்ளைகளுக்குப் பெங்களூர் அருகில் இருப்பதால் ஆசிரியரைத் தேடுவது எளிது. பள்ளி நிர்வாகங்கள் கையில் ஒரு சான்றிதழைப் பார்க்க விரும்புகின்றன, அதில் தவறும் இல்லை.

வாசிப்பவராக வேலை தேடுதல்

நிலையான சம்பளம் வேண்டுவோர் முதலில் பார்க்க வேண்டியவை படைகளின் இசைக்குழுக்கள். இந்திய விமானப்படை அக்னிவீர்வாயு இசைக்கலைஞர்களையும், கடற்படை அக்னிவீர் இசைக்கலைஞர்களையும் தனித் தேர்வின் மூலம் எடுக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அடிப்படைக் கல்வித் தகுதி. அக்னிவீர் பணி நான்கு ஆண்டுகளுக்கு; அதன்பின் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கினருக்கே நிரந்தர வாய்ப்பு உண்டு என்பதை வீட்டாரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். தேர்வில் தயாரித்த பகுதியை வாசிக்கச் சொல்வதோடு இசைக்குறிப்பைப் படிப்பது, கேட்ட சுருதியை இனங்காண்பது போன்றவற்றையும் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் கையில் தேறிக் குறிப்பில் தவறுவது அதனால்தான். மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் உள்ள இராணுவ இசைப் பிரிவு 1950 முதல் படை இசைக்கலைஞர்களைப் பயிற்றுவித்து வருகிறது. ஜனவரி 29-ஆம் நாள் டெல்லி விஜய் சௌக்கில் நடக்கும் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் பாருங்கள். டிரம் கலைஞர்கள் மட்டும் தனித்து வாசிக்கும் பகுதியில் குச்சிகளின் உயரம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். தமிழ்நாடு காவல்துறைக்கும் பேண்டு பிரிவு உண்டு.

மற்றவர்களுக்கு ஊரிலுள்ள பேண்டு செட்தான் களம். இதில் திறமையைவிட ஒப்பந்தம் பேசுவதில்தான் பலர் தோற்கிறார்கள். வாய்ப்பேச்சு போதாது, வாட்ஸ்அப்பிலாவது எழுதி உறுதி செய்யுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், எங்கிருந்து எங்கே நடை, வண்டிச் செலவு யாருடையது, முன்பணம் எவ்வளவு, நேரம் கூடினால் மணிக்கு எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். சாப்பாடு எங்கே, யாருடன் என்பதையும் எழுதுங்கள். மேளம் அடிக்க வந்தவர்களுக்குத் தனி இடம், தனி இலை என்ற வழக்கம் நம் மாவட்டங்களில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. எல்லோரும் சாப்பிடும் பந்தியிலேயே குழுவும் சாப்பிடும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது கலைஞரின் உரிமை, குழுத் தலைவரின் கடமை. அதற்கு இணங்காத வீட்டு நிகழ்ச்சியை விட்டுவிடலாம்; அந்த ஒரு நாள் வருமானம் போனால் போகட்டும்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் வாத்தியம் முழங்கக் கூடாது. அரசு குறிப்பிட்ட சில விழா நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்வு அளிக்க முடியும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். ஊர்வலப் பாதையை முதல் நாளே நடந்து பார்த்து, மருத்துவமனை வரும் இடத்தில் டிரம்மை நிறுத்தி வெறும் நடையாகக் கடக்கக் குழுவுக்குச் சொல்லிவையுங்கள்.

உங்கள் காதையும் காத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே பாதுகாப்பான எல்லையாகக் கருதப்படுகிறது; டிரம் வரிசையின் நடுவில் நிற்பவருக்கு அதைவிட மிக அதிகமான ஓசை நாள்தோறும் விழுகிறது. காதடைப்பான் போட்டுப் பழகுங்கள். நாற்பது வயதில் காது மங்கிய டிரம் மாஸ்டரால் பிள்ளைகளின் பிழையைக் கேட்க முடியாது.

நாட்டுப்புறக் கருவிகளையும் வாசிப்போர் 18 வயதானதும் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மாவட்டக் கலை மன்றங்கள் வயதுக்கேற்ப கலை இளமணி, கலை வளர்மணி போன்ற விருதுகளை வழங்குகின்றன. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.

பள்ளியில் கற்றுக்கொடுத்தல்

பள்ளியை அணுகுவதற்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே. ஜூன் மாதம் போனால் தாளாளருக்கும் தலைமையாசிரியருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. முதலில் உடற்கல்வி ஆசிரியரைப் பாருங்கள். அணிவகுப்பு அவர் பொறுப்பு. பேண்டு தம் வேலையை எளிதாக்கும் என்று அவர் நம்பினால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். மாதக் கட்டணமாகப் பேசாமல் பருவக் கட்டணமாகப் பேசுங்கள், கருவிப் பழுதுக்கான தொகையைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

ஜூன் திறப்பிலிருந்து ஆகஸ்டு 15 வரை ஏறத்தாழ பத்து வாரங்கள் கிடைக்கும். முதல் மூன்று வாரம் கருவி அறையைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டுக் கேட்டு நச்சரிப்பார்கள். பெற்றோரும் என்ன கற்றுக்கொடுக்கிறார் என்று விசாரிப்பார்கள். உறுதியாக இருங்கள். அந்த மூன்று வாரமும் நடை, கைத்தட்டு, சொற்கட்டு. நான்காம் வாரம் குச்சியும் பலகையும். ஆறாம் வாரம் டிரம், நின்ற இடத்தில். எட்டாம் வாரம் நடையோடு டிரம். கடைசி இரண்டு வாரம் முழு அணியோடு ஒத்திகை. அவசரப்பட்டு முதல் நாளே டிரம்மைக் கொடுக்கும் பள்ளிகளில் பிள்ளைகள் ஆகஸ்டு வரை அடிக்கிறார்கள், ஆனால் நடக்கும்போது அடிக்க முடிவதில்லை.

பேஸ் டிரம்மை யாரிடம் கொடுப்பது என்பதுதான் மாஸ்டர் எடுக்கும் மிகப் பெரிய முடிவு. வகுப்பிலேயே பெரிய உடம்புக்காரப் பையனிடம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அது தவறு. மூன்று வார நடைப் பயிற்சியில் யாருடைய கால் ஒருநாளும் முந்தவில்லையோ அந்தப் பிள்ளையைக் கண்டுபிடியுங்கள்; அது பெரும்பாலும் சத்தம் போடாத பிள்ளையாக இருக்கும். கருவி கனமென்றால் சிறிய பேஸ் டிரம் வாங்கச் சொல்லுங்கள். இடது கால் ஊன்றும்போது பேஸ் டிரம் விழ வேண்டும். வாசிப்பை நிறுத்தும் நேரத்தில் பேஸ் டிரம் இரட்டைத் தட்டுக் கொடுத்துக் குழுவுக்குச் சைகை காட்டும் படை வழக்கத்தைப் பள்ளியிலும் பின்பற்றினால், குழுவை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர் கத்த வேண்டியிருக்காது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே வகுப்பில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். அங்கே சொற்கட்டு பெரும் துணை. 'தகதிமி'யும் 'தகிட'வும் மூன்று வீடுகளுக்கும் சொந்தம். ஆங்கிலத்தில் எண்ணச் சொல்லும்போது பின்தங்கும் பிள்ளை, இதைச் சொல்லச் சொன்னால் முன்னே வந்து நிற்கும். புதிய பகுதியைக் கற்றுக்கொடுக்கும்போது இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் நீங்கள் வாயால் சொல்ல வேண்டும்; அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்; பிறகு சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும்; பிறகு தொடையில் தட்ட வேண்டும்; கடைசியாகத்தான் குச்சி. ஒரு பிள்ளை தவறினால் குச்சியைத் திருத்தாமல் வாய்க்குத் திரும்புங்கள். வாயில் சரியாக இருக்கும் பாடம் கையில் நெடுநாள் தவறாக இருக்காது.

பெண் பிள்ளைகளுக்குப் பட்டையை அவரவர் உடலுக்கேற்ப மாற்றிக் கட்ட வேண்டும். அதைப் பெண் ஆசிரியரைக் கொண்டு செய்யுங்கள். எந்தப் பிள்ளையின் கையைத் திருத்துவதாக இருந்தாலும் தொடாமல், உங்கள் கையில் காட்டித் திருத்துங்கள். பயிற்சி நேரத்தில் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு இதில் முதன்மையானது, உங்கள் நற்பெயருக்கும் அதுவே காப்பு. வெயில் தணிந்த பிறகே மைதானத்தில் இறக்குங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை டிரம்மைக் கழற்றி வைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் ஆண்டில், குடியரசு தினத்தையொட்டி மத்திய அரசு நடத்தும் தேசியப் பள்ளி பேண்டு போட்டிக்குப் பள்ளியைத் தயார்படுத்தலாம். மாநில அளவில் தொடங்கி மண்டலம் வழியாக டெல்லி வரை செல்லும் இப்போட்டியில் பித்தளை வாத்திய பேண்டு, பேக்பைப் ஊதும் பைப் பேண்டு ஆகிய இரண்டிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. டிரம் மட்டுமே உள்ள குழுவோடு போக முடியாது. டிரம்பெட், கிளாரினெட் போன்றவற்றைக் கற்றுக்கொடுப்பவரோடு கைகோத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டப் பள்ளிகள் பலவற்றில் டிரம்மும் பிகிலும் மட்டுமே இருப்பதற்குக் காரணம் பணம் மட்டும் அன்று, ஊதுகருவி ஆசிரியர் கிடைக்காததும்தான். அப்படி ஒருவரை ஓய்வு பெற்ற படை இசைக்கலைஞர்களிடையே தேடுங்கள்.

ஆண்டிறுதித் தேர்வு தொடங்கும் முன், கருவிகளை எண்ணிப் பள்ளிப் பதிவேட்டில் ஏற்றி, ஒவ்வொரு டிரம்மின் தோலையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, கம்பிச் சரத்தை இறுக்கும் நெம்பியை இறக்கி, உறைபோட்டு, தரையில் படாமல் அலமாரியில் வைத்துவிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். கிழிந்த தோல், தொலைந்த சாவி, மாற்ற வேண்டிய குச்சிகள் ஆகியவற்றின் பட்டியலை அன்றே தாளாளரிடம் எழுத்தில் கொடுத்தால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவை வந்து சேர்ந்திருக்கும். அடுத்த ஆண்டுக்கான உங்கள் பருவக் கட்டணத்தையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடலாம்.